அணியத்துத் தண்ணீர்

“பம்பு நல்லா ஓடுதும்மா. தண்ணிதான் போவ மாட்டேங்குது.”

வந்ததும் வராததுமாகத் தேசப்பன் இதைத்தான் சொன்னார். ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

சமையற்கட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நல்லா ஓடுற பம்புக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல.”

“போன மாசம் கழட்டிப் போட்டீங்களே, அதுக்கு?”

“அதுவும் நல்லாத்தான் ஓடிச்சு.”

“அதுக்கும் முன்னாடி இருந்ததுக்கு?”

இது மூன்றாவது பம்பு. முதல் இரண்டும் கொட்டகையில் ஒரு சாக்கின்மேல் கிடக்கின்றன. இப்போது கம்பியை மாட்டினாலும் அவை உறுமிக்கொண்டு ஓடும்.

கடலோர உப்புநீர் ஏரிக்கு நடுவே ஒரு மணல் தீவு, அதில் ஒரு மடம், மடத்துக்கு ஒரு பழைய மரப்படகு. அக்கரை போக அதை விட்டால் வேறு வழி கிடையாது. அந்தப் படகை ஓட்டுகிறவர் தேசப்பன். மடத்தின் மூத்த சீடரும் அவர்தான்; அறுபதை நெருங்குகிறார்.

அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மடத்தின் குருவாக இருந்த பெரியவர் சமாதியாவதற்கு முன் எல்லாரையும் கூப்பிட்டு, “இனி இவங்க சொல்றதைக் கேளுங்க” என்று அம்மாவைக் காட்டிவிட்டுப் போனார். அந்த வார்த்தை இன்றுவரை தேசப்பனின் தொண்டையில் நிற்கிறது. பெரியவர் சொன்னதாயிற்றே என்று விழுங்கிப் பார்க்கிறார், இறங்க மாட்டேன் என்கிறது.

“நாளைக்கு கஜபதி வராரும்மா.”

“தெரியும்.”

“மரம் வாங்குறவனையும் கூட இட்டுக்கினு வராராம்.”

“அதுவும் தெரியும்.”

கஜபதி மடத்தின் தருமகர்த்தா. நல்ல மனிதர்தான், ஆனால் கண் இருக்கிற மனிதர். படகு மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு போவதை அக்கரையில் நின்றே பார்த்துவிட்டார். ஜனத்தை ஏற்றிக்கொண்டு ஒருநாள் இது முழுகும், அதற்கு முன்னால் உடைத்து விறகுக்குக் கொடுத்துவிட்டு ஃபைபர் படகு ஒன்று வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார். நாளை வந்து பார்க்கும்போது படகு நேராக மிதக்காவிட்டால் அதுதான் முடிவு.

“பெரியவரு உட்கார்ந்த படகும்மா அது. அத்த உடைச்சா என்னையே உடைச்ச மாதிரி.”

அம்மா அப்போதுதான் கீரையைக் கீழே வைத்தார்.

“தண்ணி எங்கே இருக்கு?”

“படகுல.”

“படகுல எங்கே?”

“அடியில.”

“பம்பு எங்கே இருக்கு?”

“அதுவும் அடியிலதாம்மா!”

“ஒன்னையொன்னு பார்த்திருக்கா?”

தேசப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இங்கே இதுதான் தொல்லை. பதில் கேட்டு வந்தால் கேள்வியைக் கொடுத்து அனுப்புவார்கள். பெரியவரும் கேள்விதான் கேட்டார். ஆனால் அவர் கேட்டால் அதில் ஒரு கனிவு இருக்கும். இந்தம்மா கேட்டால் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தியது மாதிரி இருக்கும். தேசப்பனின் கணக்கு அப்படி.

“நான் போயி பாக்குறேன்” என்று முணுமுணுத்துவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தார்.

*

பழைய படகின் அடிவயிறு எப்படியிருக்கும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தேசப்பன் படும் பாடு புரியாது.

அடிப்பலகைகளுக்குமேல் வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு சட்டத்துக்கும் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் விட்டிருப்பார்கள். எந்த இடுக்கில் தண்ணீர் புகுந்தாலும் அந்த ஓட்டைகள் வழியாக நகர்ந்து நகர்ந்து, பின்பக்கத்துக் குழிக்கு வந்து சேர்ந்துவிடும். பம்பு உட்கார்ந்திருப்பது அந்தக் குழியில். வந்த தண்ணீரை அது வெளியே துப்பும். வராத தண்ணீரை அது தேடிக்கொண்டு போகாது.

தேசப்பனுக்கு இதெல்லாம் தெரியாதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தப் படகின் ஒவ்வொரு ஆணியையும் தொட்டுக் காட்டுவார்.

இருந்தும் அவர் பம்பையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். புது ஓஸ் மாட்டியாயிற்று. புது ஒயர் இழுத்தாயிற்று. பேட்டரியைக் கழுவித் துடைத்து மாட்டியாயிற்று. பம்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றியாயிற்று. பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற மருத்துவச்சிக்குக்கூட யாரும் அவ்வளவு மரியாதை செய்ய மாட்டார்கள்.

சுவிட்சைப் போட்டார்.

பம்பு ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பியது. பிறகு காற்றை இழுத்துக்கொண்டு கீச்சென்று கத்தியது.

“இன்னாடா கத்துற? எறைடா!” என்று இவர் பதிலுக்குக் கத்தினார்.

மடத்துக்கு வந்திருந்த பக்தர்களில் தடித்தவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டுப் பின்பக்கம் உட்காரச் சொன்னார். படகின் மூக்கு கொஞ்சம் எழும்பியது. பம்பு இன்னும் ஒரு வாய் துப்பிவிட்டு மறுபடியும் கீச்சிட்டது. மூக்குப் பக்கத்தில், பலகைக்கு அடியில், களக்கென்று பெரிதாக ஏதோ தளும்பியது.

“முன்னாடி என்னமோ சத்தம் கேக்குதே?” என்றார் ஒரு பக்தர்.

“அலை” என்றார் தேசப்பன்.

அன்று ஏரியில் அலையே இல்லை. தேசப்பன் குனிந்து ஓஸைத் திருகுவதிலேயே கவனமாக இருந்தார்.

*

மாலையில் மறுபடியும் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

“இந்தப் பம்புக்கு இழுவை பத்தல. இன்னொன்னும் சேத்து வெச்சிடலாமா?”

“வைங்க.”

“நிசமாவா சொல்றீங்க?”

“நாலு வைங்க. எல்லாம் ஒன்னா உட்கார்ந்து காத்தை இழுக்கட்டும்.”

தேசப்பன் பல்லைக் கடித்தார். “கிண்டல் பண்ணாதீங்கம்மா. என் படகு சாவப்போவுது. நீங்க குரு. வழி சொல்லுங்க.”

“சொன்னேனே.”

“இன்னா சொன்னீங்க?”

“தண்ணி எங்கே இருக்குன்னு கேட்டேன்.”

“அது கேள்வி!”

அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் பொறுமை என்பது ஓர் அளவுக்குத்தான். குருவாக இருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மாதக்கணக்கில் ஒரே ஆள் ஒரே புகாரோடு வந்து நின்றால் யாருக்குத்தான் அலுக்காது?

“கஜபதியைக் கூட்டிவர நாளைக்கு நானும் வரேன்” என்றார்.

“நீங்க எதுக்கு?”

“படகுல போய் ரொம்ப நாளாச்சு.”

இது பொய். அவர் வாரம் தவறாமல் படகில் போகிறவர்தான். தேசப்பனுக்கு அது பொய் என்று தெரிந்தது. எதற்காகச் சொன்ன பொய் என்று தெரியவில்லை. அந்த எரிச்சலோடு போய்ப் படுத்தார்.

*

காலையில் அக்கரையில் இரண்டு ஆட்கள் தெரிந்தார்கள். குடை பிடித்திருந்தவர் கஜபதி. பக்கத்தில் நின்றவன் மரவியாபாரி.

தேசப்பனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

அம்மா படகில் ஏறினார். வழக்கமாக அவர் நடுவில் இருக்கும் எஞ்சின் பெட்டிமேல்தான் உட்காருவார். இன்று அதைத் தாண்டி முன்னால் போனார்.

படகின் மூக்கை மீன்பிடிக்கிறவர்கள் அணியம் என்பார்கள். இந்தப் படகின் அணியத்தில் ஓர் இருக்கைப் பலகை உண்டு. பெரியவர் உட்கார்ந்து வந்த பலகை. அவர் போனபிறகு அதை ஆணி அடித்து இறுக்கி, சிவப்புப் பட்டு விரித்து, அவருடைய மரப் பாதக்குறடுகளை அதன்மேல் வைத்துவிட்டார்கள். அதை யாரும் தொட மாட்டார்கள். பூவைக்கூடத் தள்ளி நின்றுதான் போடுவார்கள். இந்த முறையை ஏற்படுத்தியவரே தேசப்பன்தான்.

அம்மா குனிந்து பாதக்குறடுகளைக் கையில் எடுத்தார். பட்டைச் சுருட்டினார். பலகைமேல் உட்கார்ந்து, குறடுகளை மடியில் வைத்துக்கொண்டார்.

தேசப்பன் பதறிப்போய் முன்னால் ஓடிவந்தார்.

“ஏந்திருங்கம்மா!”

“ஏன்?”

“ஏந்திருங்கன்றேன்!”

ஒரு குருவிடம் அவர் குரலை உயர்த்தியது அன்றுதான் முதல் தடவை. உயர்த்தியபிறகு இறக்கவும் தெரியவில்லை.

“அது அவரு எடம்! யாரும் ஒக்காரக் கூடாது!”

“எனக்குக் கீழே தளும்புதே. அங்கே ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருக்காங்க போலிருக்கு.”

“அது தண்ணிம்மா! தண்ணி!”

“தண்ணி எங்கே இருக்கு?”

“உங்களுக்குக் கீழதான் கீது! போதுமா?”

சொல்லிவிட்டுத் தேசப்பன் அப்படியே நின்றார். போன் அடித்து ஓய்ந்தது.

அம்மா கேட்டார்: “இது எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“மொத பம்பு மாத்துறப்பவே.”

“அப்புறம் ஏன் ரெண்டாவது? ஏன் மூணாவது?”

தேசப்பன் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது, கோபமும் போகவில்லை.

“அவருக்குக் கடைசி மழைக்காலம்மா. ஒடம்புல காய்ச்சல். எஞ்சின் பக்கத்துத் தண்ணி, டீசலோட, சட்டத்து ஓட்டை வழியா முன்னாடி வந்து அவரு கால நனைச்சுக்கினே இருந்திச்சு. அவரு ஒன்னும் சொல்லல. எனக்குத்தான் பாக்க முடியல. இந்தச் சட்டத்துல கீற ஓட்டையெல்லாம் நான்தான் அடைச்சேன். தாரும் துணியும் வெச்சித் திணிச்சி, மேல சிமெண்ட்டு பூசினேன். அதுக்கப்புறம் அவரு கால் நனையல.”

“சரி.”

“அவருக்கு நான் செஞ்ச கடைசி வேலை அது. அத்த எப்படிம்மா என் கையாலயே இடிப்பேன்?”



அடைத்தது அன்றைக்கு நல்லதாகத்தான் போயிற்று. ஆனால் அணியத்துப் பலகை இடுக்குகளில் மழைத்தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் பின்னால் போக வழி கேட்கும். வழியில்லை என்றால் அங்கேயே தங்கிவிடும். உப்புத்தண்ணீர் மரத்தைக் கெடுக்காது. தேங்கிய மழைத்தண்ணீர் அரித்தே தீரும். படகுக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்துதான் தேசப்பன் பின்பக்கத்தில் பம்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

“இதைப் பிடிங்க” என்று அம்மா ஒரு பாதக்குறட்டை நீட்டினார்.

தேசப்பன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “தொடக் கூடாதும்மா.”

“பிடிங்கன்னு சொல்றேன்.”

இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதும் முகம் மாறிவிட்டது.

குறடு கனத்தது. அடிப்பக்கம் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். மரம் உள்ளே போனது. விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது.

பட்டுத்துணியை முகர்ந்து பார்த்தார். பழைய சாக்கடை நாற்றம் அடித்தது.

“இது நனையாம இருந்துச்சா?” என்றார் அம்மா.

தேசப்பன் குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தினமும் காலையில் இதற்குத்தானே பூப் போட்டார்? தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டு இதைத்தானே கும்பிட்டார்? ஒருநாள், ஒரே ஒருநாள், கிட்டப்போய்த் தொட்டிருந்தால் தெரிந்திருக்குமே. அவருக்கு அவர்மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை மாதமாகப் பம்பின்மேல் காட்டிய ஆத்திரமெல்லாம் திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

“ஏந்திருங்கம்மா” என்றார். இந்தத் தடவை மெதுவாக.

அம்மா எழுந்து நகர்ந்தார்.

கொட்டகையிலிருந்து கடப்பாரையும் உளியும் வந்தன. ஆணிகள் முனகிக்கொண்டே கழன்றன. பலகையைத் தூக்கியதும் உள்ளேயிருந்து எழுந்த வாடையில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கறுப்பாக, ஒரு சின்னக் குளமே நின்றது. அதன்மேல் அவர் போட்ட பூக்களின் நார் மிதந்தது.

தேசப்பன் முழங்கால்வரை அதற்குள் இறங்கினார். தோள்வரை கையை விட்டுச் சட்டத்தின் அடியைத் தடவினார். அவர் பூசிய சிமெண்ட்டு, அவர் கைவேலை. உளியை வைத்தார். சுத்தியை ஓங்கியவர் ஒரு நொடி தயங்கினார்.

“மன்னிச்சிக்கோ சாமி” என்று சொல்லிவிட்டு அடித்தார்.

முதல் ஓட்டை திறந்தது. அடுத்தது கொஞ்சம் மல்லுக்கு நின்றது, அதையும் உடைத்தார். தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு எஞ்சின் பக்கம் ஓடியது.

“பின்னாடி வாங்கம்மா! நீங்களும் வந்து நில்லுங்க! சாய்மானம் வேணும்!”

குரு என்றும் பாராமல் விரட்டினார். அம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எஞ்சின் பெட்டியைத் தாண்டிப் பின்னால் ஓடினார். இருவரும் கடைசி விளிம்பில் போய் நின்றார்கள். படகு மெல்லப் பின்னால் சாய்ந்தது. தண்ணீர் இருவருடைய கால்களையும் கடந்து குழிக்குள் இறங்கியது.

தேசப்பன் சுவிட்சைப் போட்டார். பம்பு இந்தத் தடவை கீச்சிடவில்லை. தொண்டையைச் செருமியது. பிறகு படகின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் கையளவு பருமனில் பீய்ச்சியடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது.

அணியம் விரல் விரலாக எழும்பியது. ஈரப் பாசியும் கிளிஞ்சலுமாக, வெயிலையே பார்க்காதிருந்த பலகைகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. தேசப்பன் ஓடிப்போய் ஒரு கத்தியால் உட்பக்கத்தைக் குத்திக் குத்திப் பார்த்தார். இரண்டு பலகையில் கத்தி பாதிவரை இறங்கியது. மற்றவற்றில் நுனிகூட நுழையவில்லை.

“ரெண்டு பலகைதாம்மா போயிருக்குது! மாத்திடலாம்! மீதியெல்லாம் இரும்பும்மா, இரும்பு!”

போன் அடித்தது. இப்போது எடுத்தார்.

“தேசப்பா,” என்றார் கஜபதி, “என்னய்யா அது, படகு நேரா நிக்குது?”

“வரேன் சார். மரக்காரரைப் போவச் சொல்லிடுங்க.”

போனை வைத்தவர், மடங்கி உட்கார்ந்து ஓவென்று அழுதார். படகு பிழைத்ததற்கு அழுதாரா, சிமெண்ட்டை இடித்ததற்கு அழுதாரா என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. நனைந்த பாதக்குறடு இரண்டையும் வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அவரு காலுக்குன்னு நான் வெச்சிருந்த வேலை அது ஒன்னுதாம்மா. அதுவும் போச்சு. இனிமே அந்தக் காலுக்கு நான் இன்னா செய்வேன்?”

அம்மா எஞ்சின் பெட்டிமேல் தம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கிப் பெட்டிமேலேயே வைத்துக்கொண்டு புடவை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

தேசப்பன் அந்தக் கால்களைப் பார்த்தார். கணுக்கால்வரை டீசல் கறை, இன்றைக்குப் படிந்ததாகத் தெரியவில்லை. விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், வெள்ளை வெள்ளையாகப் பிளந்திருந்தது. அவர் அடைத்த சட்டம் அந்தப் பெட்டிக்கு நேர் முன்னால்தான் இருக்கிறது. மூக்கு தாழ்ந்த படகில் எஞ்சின் தண்ணீர் அத்தனையும் அதில் முட்டிக்கொண்டு அங்கேயே, அம்மா கால் வைக்கும் இடத்தில்தான் நின்றிருக்கும்.

“அந்தக் காலைப் பத்தி எனக்குத் தெரியாது” என்றார் அம்மா. “எனக்கு ஒரு காஞ்ச துணி குடுங்க, தேசப்பன்.”